இரட்டை லைன்காரி

தாரிங்காவின் குரலைத் தெரியாத ஆள் பராச்சின் ஊரில் கிடையாது. முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். பஸ் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நிஷ் போகிற பஸ் மூன்றாவது மேடையில் நிற்கிறது, பெல்கிரேட் பஸ் இன்றைக்கும் தாமதம் என்று மைக்கில் சொல்வதுதான் அவள் உத்தியோகம். கல்யாணமான புதிதில் சேர்ந்த வேலை, தலை நரைத்த பிறகும் அதே கூண்டு. ஊரே அவள் பேசுவதைக் கேட்கும், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த மாதிரிப் பேச்சில் அவளுக்குப் பயமே கிடையாது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, கண்ணைப் பார்த்து மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சிறுகதை படிப்பாள். நாவல் அவளுக்குச் சரிப்படாது, நல்ல கட்டத்தில் பஸ் வந்து தொலைக்கும். சிறுகதை என்றால் ஒரு பஸ் போய் அடுத்தது வருவதற்குள் முடிந்துவிடும். நூலகத்தில் இருந்த தொகுப்புகளையெல்லாம் படித்துத் தீர்த்தாள், ஆனாலும் அந்தக் கதைகள் மேல் அவளுக்கு அடங்காத கோபம். எதைத் திறந்தாலும் ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தருக்கு மனசில் ஏதோ இருக்கும். சொல்ல வாயெடுக்கும்போது பார்த்து மழை பிடித்துக்கொள்ளும், இல்லை பால் பொங்கிவிடும், அத்தோடு கதை முடிந்துவிடும். "சொல்லித் தொலையேன்டி" என்று புத்தகத்தைப் பார்த்துத் திட்டுவாள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டுத் திட்டியதில், மேடையில் மூட்டையோடு நின்றிருந்த ஜனம் மொத்தமும் கூண்டைத் திரும்பிப் பார்த்தது.

அப்படித் திட்டியவள்தான், நவம்பரில் ஜூர்ஜிட்ஸ் திருநாளன்று, சமையலறையில் சர்மாவுக்காக முட்டைக்கோஸ் இலையில் கறியையும் அரிசியையும் வைத்துச் சுருட்டிக்கொண்டே, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.

ஜூர்ஜிட்ஸ்தான் அவள் புருஷன் ஸ்ரேதன் குடும்பத்துக்கு ஸ்லாவா. குலத்தைக் காக்கிற புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து போடுகிற நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அதற்குப் பெயர் ஸ்லாவா இல்லை. ஒரு வருஷம் வந்தவர்கள் அடுத்த வருஷமும் தானாக வருவார்கள், சாகிறவரைக்கும் வருவார்கள். ஒருத்தர் வராமல் நின்றுவிட்டால், ஒன்று அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கும், இல்லாவிட்டால் உறவு அறுந்திருக்கும். வேறு காரணத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மறக்காமல் வந்துவிடு என்று வாசலில் வைத்து ஒரு வார்த்தை சொல்லக்கூட வழியில்லை.

காலையிலிருந்து அவள் மனசில் ஓடியது ஒரே கேள்விதான். பக்கத்து வீட்டு கொசாரா வருவாளா, மாட்டாளா?

கொசாராவுக்கும் இவளுக்கும் ஒரே மாடி, ஒட்டினாற்போல் ரெண்டு கதவு, நடுவில் ஒரு சுவர். கட்டடம் கட்டிக் குடிவந்த வருஷத்திலிருந்து காலைக் காபி சேர்ந்துதான். ஒருநாள் இவள் அடுப்பு, ஒருநாள் அவள் அடுப்பு. கொசாரா மணியடித்து வந்ததே கிடையாது. வீட்டுச் செருப்போடு, தலையில் சுருள் கிளிப்புகளோடு, கைப்பிடியைத் திருகிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுவாள். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து, வண்டல் காட்டுகிற உருவத்தில் குறி பார்ப்பார்கள். கொசாராவுக்கு எப்போதும் பறவைதான் தெரியும். பறவை என்றால் தூரத்திலிருந்து சேதி, தூரம் என்றால் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரம், லின்ஸில் அவள் ஒரே மகன் நெனாத்.

இன்னொன்றும் இருந்தது அவர்கள் நடுவில். அந்தக் காலத்தில் கைப்பேசி என்பது காசுள்ளவன் இடுப்பில் மட்டும் தொங்கும். வீட்டுப் போனுக்கே லைன் பற்றாமல், ரெண்டு வீட்டுக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுத்திருந்தார்கள். நம்பர் தனித்தனி, கம்பி ஒன்று. ஒருத்தி ரிசீவரை எடுத்துவிட்டால் அடுத்தவள் போன் செத்துவிடும், காதில் வைத்தால் ஒரு சத்தமும் இருக்காது. இப்படிச் சேர்த்துக் கட்டப்பட்டவர்களை ஊரில் இரட்டை என்பார்கள். இரட்டைகள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்ட கட்டடங்கள் உண்டு. தாரிங்காவுக்கும் கொசாராவுக்கும் அப்படி ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை. அவசரம் என்றால் சுவரைத் தட்டுவார்கள், மற்றவள் சட்டென்று பேச்சை முடித்து லைனை விட்டுக்கொடுப்பாள்.

கொசாரா புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் பேச்சு கேட்கும். சாப்பிட்டாயா, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாயா, அந்த ஊர்க் குளிர் பொல்லாதது என்றெல்லாம். மறுநாள் காபியில், நெனாத் சொன்னதை வரிசையாகச் சொல்வாள். தாரிங்கா ஆசையோடு கேட்டுக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரேதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முன்பே ஒருதடவை படுத்து எழுந்த இதயம். சுவருக்கு அந்தப்பக்கம் கொசாரா மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். தாரிங்கா ஒரு கையால் சுவரைத் தட்ட ஓங்கினாள், பதறின பதற்றத்தில் இன்னொரு கை ரிசீவரை எடுத்துவிட்டது. லைன் இருந்தது. கொய்யென்று சத்தம் வந்தது. எப்படி என்று யோசிக்கவா நேரம்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், மனுஷன் பிழைத்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தான் நம்பரைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே கொசாரா பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு?

அடுத்த ஞாயிறும் எடுத்துப் பார்த்தாள். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் லைன் இருந்தது. கொசாரா வெறும் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு காலைக் காபி தாரிங்காவுக்குத் தண்டனையாகிவிட்டது. நேற்று நெனாத் ஒருமணி நேரம் பேசினான், சம்பளம் கூடியிருக்காம் என்று கொசாரா சொல்வாள். இவள் ம் கொட்டுவாள். இன்றைக்குக் கேட்டுவிடலாம், இந்த மிடறு முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று நினைப்பாள், காபி முடிந்துவிடும், கோப்பை கவிழ்ந்துவிடும், பறவை வந்துவிடும். கூண்டுக்குள் யாரைத் திட்டினாளோ அவளாகவே ஆகிப்போனாள்.

வாயால் முடியாததைக் கையால் செய்தாள். நூலகம் உள்ளூர்க்காரர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்தது, ஜெயிக்கிற கதை ஊர் வாரப் பத்திரிகையில் வரும் என்றார்கள். தாரிங்கா எழுதினாள். ஊரை மாற்றினாள், பெயரை மாற்றினாள், மகனை மகளாக்கினாள், ஆஸ்திரியாவை ஸ்வீடன் ஆக்கினாள், நெட்டையான கொசாராவைக் குள்ளமாக்கித் தையல்காரியாகவும் ஆக்கினாள். இரட்டை லைனை மட்டும் மாற்றவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையே கிடையாதே. தாரிங்காவின் இரட்டை யார் என்பது அந்தக் கட்டடத்துக் குழந்தைக்கும் தெரியும் என்பது மட்டும் எழுதுகிறவளுக்குத் தோன்றவே இல்லை. என்ன மூளையோ!

கதைக்கு அவள் நல்ல முடிவு வைத்திருந்தாள். ஒட்டுக்கேட்கிற பெண் ரிசீவரை வைத்துவிட்டு, எழுந்து போய், பக்கத்துக் கதவைத் தட்டி, அந்தப்பக்கம் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், காபி போடு என்கிறாள். கதை ஜெயித்தது. பத்திரிகை ஆசிரியர் பெரிய படிப்பாளி. அந்தக் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார். மனிதனுக்கு மனிதன் எட்டாமல் போவதுதான் சிறுகதைக்கு உயிர், இப்படிக் கதவைத் தட்டிப் பேசிவிட்டால் அது கதையாகாது அம்மா என்று பொறுமையாக விளக்கினார். எந்தக் குறைக்காக அவள் எல்லாக் கதைகளையும் திட்டினாளோ அதையே அவள் கதைக்கும் சிறப்பாகச் சேர்த்தார். அவ்வளவு படித்தவர் சொல்கிறாரே என்று தாரிங்காவும் தலையாட்டிவிட்டு வந்தாள். அச்சில் வந்தபோது, ஒருத்தி காதில் ரிசீவரோடு உட்கார்ந்து, சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்தவள் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அத்தோடு முடிந்தது. கூடவே தாரிங்காவின் படம்.

கொசாரா படிப்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள், இவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் தாரிங்கா கட்டிய கோட்டை. நடந்தது வேறு. மூன்றாம் மாடி வீதா முந்திக்கொண்டாள். வீதாவுக்கு அடுத்தவர் துக்கம் என்றால் சர்க்கரை. மாடிப்படியில் கொசாராவை நிறுத்தி, இந்த ஞாயிற்றுக்கிழமையாவது பையன் பேசினானா கண்ணு என்று கன்னத்தைத் தடவிக் கேட்டுவிட்டு, பத்திரிகையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

மறுநாள் கொசாரா காபிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தாரிங்கா போய்த் தட்டியிருக்கலாம். கதவுவரைக்கும் போனாள், விரலை மடக்கினாள், திரும்பி வந்துவிட்டாள். பிறகொருநாள் குப்பை கொட்டப் போகும்போது எதிரே பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா?" என்றாள் கொசாரா. அத்தனை வருஷம் நீயென்றும் அடியே என்றும் கூப்பிட்டவள், பஸ் நிலையத்தில் வழி கேட்கிற அயலூர்க்காரி மாதிரி நீங்க போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை. பேசுவதற்குப் பொய்யாகவாவது ஒரு மகன் இருந்தானே, அவனையும் பிடுங்கிக்கொண்டோமே என்று அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள்.

இப்படியே இலையுதிர்காலம் போய் ஸ்லாவா வந்துவிட்டது. எல்லா வருஷமும் முந்தின நாளே ரெண்டு பேரும் சேர்ந்து வெனிலா பிஸ்கட் சுடுவார்கள், இவள் மாவு தேய்ப்பாள், கொசாரா நடுவில் ஜாம் வைத்து ஒட்டுவாள். இந்த வருஷம் தாரிங்கா தனியாகச் சுட்டாள், பாதி உடைந்தது. புருஷனிடம் புலம்பினாள். ஸ்ரேதன் ரொட்டித் தொழிற்சாலையில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் சுற்றிவளைக்கத் தெரியாது. "போய்க் கேளேன்," என்றார்.

"ஸ்லாவாவுக்குக் கூப்பிடக் கூடாது."

"உன்னை எவன் கூப்பிடச் சொன்னான்? என்ன கோவம்னு கேக்கத்தானே சொல்றேன்."

வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

மத்தியானம் ஜனம் வரத் தொடங்கியது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் எப்போதும் முதலில் வருவார்கள், வீதா வந்துவிட்டாள். பிறகு ஸ்ரேதனின் தம்பியும் அவர் மனைவியும், பஸ் நிலையத்து ஆட்கள் ரெண்டு பேர். வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, வேகவைத்து வால்நட்டும் சர்க்கரையும் கலந்த கோதுமையில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மேஜைக்குப் போனார்கள். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி கொசாராவுடையது. வீதா அதில் உட்காரப் போனாள். அது ஆடுகிற நாற்காலி என்று சொல்லி தாரிங்கா அவளை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரர்கள் உட்காரக் கூடாது, நின்றுகொண்டேதான் பரிமாற வேண்டும். தாரிங்காவுக்கு அது வசதியாகப் போயிற்று, உட்கார்ந்திருந்தால் கால் ஆடுவது தெரிந்திருக்கும். சூப் ஊற்றினாள், ரக்கியாச் சாராயம் ஊற்றினாள், காது மட்டும் வாசலில் இருந்தது. கைப்பிடி திருகுகிற சத்தத்துக்குத்தான் காத்திருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் மனசு விட்டுப்போகும், கொசாரா மணியடிக்க மாட்டாளே. வீதா மேஜையைச் சுற்றி எண்ணுகிற மாதிரி பார்த்துவிட்டு, எல்லாரும் வந்தாச்சா, யாராவது பாக்கியா என்று கேட்டாள்.

மறுபடி மணி அடித்தது. தாரிங்கா நம்பிக்கையில்லாமல் போய்த் திறந்தாள். கொசாரா நின்றிருந்தாள்.

ஒரு நொடி அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அப்புறம்தான் பார்த்தாள். நல்ல கோட்டு, உதட்டில் சாயம், கையில் ஒயின் பாட்டிலும் கடையில் வாங்கிய காபிப் பொட்டலமும். முதல்முறை வீட்டுக்கு வருகிற விருந்தாளி கொண்டுவருகிற வரிசை. "ஸ்லாவா நல்லபடியா நடக்கட்டும், வீட்டுக்காரம்மா," என்றாள் கொசாரா. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விருந்தாளிச் செருப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இருபது வருஷமாக அவளே அடுக்கி வைத்த செருப்புகள். தாரிங்கா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். வராமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கொசாரா உள்ளே போய், முறையாகச் சிலுவை போட்டு, கோதுமை எடுத்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஏன் வந்தாள் என்பது தாரிங்காவுக்கு அப்போது புரிந்தது. வராமல் போனால், பத்திரிகையில் வந்தது தன்னைப் பற்றித்தான் என்று கட்டடம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இவளுக்காக வரவில்லை, மானத்துக்காக வந்திருக்கிறாள்.

வீதாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தேன் தடவின குரலில், "நெனாத் இன்னைக்கு போன் பண்ணி வாழ்த்துச் சொல்லியிருப்பானே கொசாரா? பண்ணானா?" என்று கேட்டாள்.

மேஜையில் பேச்சு நின்றது. ஸ்ரேதனின் தம்பி தட்டைப் பார்த்தார். கொசாரா கழுத்துவரைக்கும் சிவந்தாள். தாரிங்கா கையில் சர்மாப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். பாத்திரம் சுட்டது.

"பண்ணாம என்ன," என்றாள் தாரிங்கா. மைக்கில் பேசுகிற குரல் அது, எங்கிருந்து வந்ததோ. "காலையிலேர்ந்து எனக்கு லைனே கிடைக்கல. அம்மாவும் புள்ளையும் பேசி ஓஞ்சாத்தானே. நாத்தனார் ஒருத்திக்குப் போன் பண்ணணும்னு எத்தனை தடவை எடுத்தேன், செத்துக் கிடந்துச்சு."

"நானும் எடுத்துப் பாத்தேன்," என்றார் ஸ்ரேதன், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது நுனி சிவந்துவிட்டது.

வீதா விடவில்லை. அப்படியானால் அந்தக் கதையில் எழுதினது என்று ஆரம்பித்தாள். கதை கதைதான், உனக்குக் கறி போதுமா என்று கேட்டு தாரிங்கா அவள் தட்டில் ரெண்டு சர்மாவை வைத்தாள். கொசாரா முட்கரண்டியை எடுத்தாள். உங்கள் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னான் என்று தட்டைப் பார்த்தபடி சொன்னாள். மேஜையில் பேச்சு மறுபடி கிளம்பியது, பன்றிக்கறி விலை, பெட்ரோல் விலை என்று.

வறுத்த கறி வருவதற்குள் கொசாரா எழுந்துவிட்டாள். தலைவலி என்றாள். தாரிங்கா பின்னாலேயே போய், அறைக்கதவைச் சாத்திவிட்டு, நடையில் நின்றாள். போன் இருந்ததும் அங்கேதான். கொசாரா சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டினாள்.

"நல்லா சொன்னே," என்றாள். "நானே நம்பிட்டேன்."

நீ என்று சொல்லிவிட்டாள். தாரிங்காவுக்கு அது போதும், மனசில் இத்தனை நாள் வைத்திருந்ததைக் கொட்டினாள். "முடிவு வேற எழுதியிருந்தேன் கொசாரா. பேப்பர்க்காரன் வெட்டிட்டான். நான் எழுதினதுல அவ எந்திரிச்சுப் போய்க் கதவைத் தட்டறா."

"கதையிலயா தட்டினே?" என்றாள் கொசாரா. "கதவு இங்கதானே இருக்கு."

உள்ளே யாரோ கண்ணாடி டம்ளரைத் தட்டி ஸ்ரேதனுக்கு ஆயுசு கேட்டார்கள்.

"கேட்டா நீ ஒடிஞ்சு போயிடுவியோன்னு," என்று முனகினாள் தாரிங்கா.

"கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்." கொசாரா அடுத்த ஷூவைக் கையில் எடுத்தாள், மாட்டவில்லை. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லைன் இருந்துச்சு."

"ஏன் இருந்துச்சு? அதை யோசிச்சியா? ரிசீவரை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நான் பாட்டுக்குப் பேசியிருந்தா உன் போன் செத்திருக்கும். இந்த ஜென்மத்துல உனக்குத் தெரிஞ்சிருக்காது." கொசாரா குரலை உயர்த்தவில்லை. "உன் புருஷனுக்கு நெஞ்சு சரியில்ல. அவசரத்துக்கு உனக்கு லைன் வேணுமேன்னு, ரிசீவர் உக்கார்ற பொத்தானை ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு வாரமும் பேசினேன். கை மரத்துப் போகும்டி."

கதவுக்கு அந்தப்பக்கம் ஸ்ரேதன் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு லைன் கிடைக்காமல் போயிருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பொறுக்க முடியாத வெட்கம். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அது இந்த இடத்துக்குப் போதாத வார்த்தை என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, இத்தனை மாசம் காபிக் கோப்பைக்கு மேலே தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டாள்.

"அவன் ஏன் போன் பண்றதில்ல கொசாரா?"

கொசாரா ஷூவைத் தரையில் வைத்தாள். "நான்தான் பண்ணாதேன்னேன்," என்றாள். "அவன் அப்பனைப் புதைச்சு மண்ணு தள்ளினப்புறம் வந்து இறங்கினான். எல்லையில வண்டியை நிறுத்திட்டாங்கன்னான். எனக்குக் காது கேக்கல. இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாதுன்னு கல்லறையில வச்சே சொன்னேன்." ஷூவை மறுபடி எடுத்தாள். "சின்னதுலேர்ந்தே சொன்ன பேச்சைக் கேக்கற புள்ள."

கதையில் தாரிங்கா அந்த மகளை நன்றி கெட்டவளாக எழுதியிருந்தாள். பெற்றவளை மறந்துவிட்டு ஸ்வீடனில் கார் வாங்குகிறவள். அந்த இடம் பிரமாதம் என்று ஆசிரியர் தனியாகப் பாராட்டியிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டாள், எழுதவே வேண்டியிருந்திருக்காது.

"நீ பண்ணு," என்றாள் தாரிங்கா.

"பண்ணி என்னன்னு சொல்றது?"

"பக்கத்து வீட்டுல ஸ்லாவா, போயிட்டு வந்தேன்னு சொல்லு. சர்மால உப்புக் கம்மின்னு சொல்லு. எதையாவது சொல்லு. லைன் உனக்குத்தான். நான் எடுக்க மாட்டேன்."

கொசாரா அடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து, கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு போனாள். ரெண்டு எட்டில் அவள் கதவு. அது சாத்துகிற சத்தம் கேட்டது.

தாரிங்கா வறுத்த கறியைக் கொண்டுபோய் வைத்தாள். மேஜையில் வைத்துவிட்டு உடனே நடைக்குத் திரும்பினாள். போன் சும்மா உட்கார்ந்திருந்தது. ரிசீவரை எடுத்தால் தெரிந்துவிடும். சத்தம் இல்லையென்றால் கொசாரா பேசுகிறாள். கொய்யென்றால் இல்லை. ஆனால் அவள் இன்னும் தயங்கிக்கொண்டு நின்று, இந்த நிமிஷம்தான் போனை எடுக்கப் போகிறாள் என்றால்? இவள் முந்தி எடுத்தால் அவளுக்கு லைன் போய்விடும். செத்த போனைக் காதில் வைத்தால் கொசாரா மறுபடி எடுப்பாளா? சுவரில் காதை வைத்தாலாவது கேட்கும். வைக்கவில்லை.

ஸ்ரேதனின் தம்பி டாக்சி கூப்பிட வந்தார். லைன் இல்லை, தெருமுனையில் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தாள். பின்னாலேயே வீதா வந்தாள், மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். ரிசீவரை நோக்கிக் கை நீட்டினாள். தாரிங்கா குறுக்கே போய் நின்றாள். வீதாவின் கை அந்தரத்தில் நின்றது.

"கொசாரா பேசறா," என்றாள் தாரிங்கா.

"நெசமாவா? எடுத்துப் பாத்தியா?"

"பாக்கல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றாள் தாரிங்கா. "உள்ள போ வீதா, கறி ஆறுது." வீதா முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஸ்லாவா அன்றைக்கு உட்காரக் கூடாத வீட்டுக்காரி, போனுக்கு முன்னால் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, யாரும் தாண்டிப் போக முடியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.